கார்த்திகையில் பூனை இளைத்தது

கணவன் சபரிமலைக்கு மாலை போட்டால் மனைவியும் பாதி மலை ஏறியாக வேண்டும். நெல்லித்தோப்பு நிர்மலா விடியுமுன் தலைக்குக் குளித்துப் புருஷன் தணிகாசலத்துக்குச் சமைப்பாள். மேட்டுப்பாளையம் கம்பெனியில் நாளெல்லாம் நின்றபடியே சோப்பு அடுக்குவாள். திரும்பியதும் மறுபடி குளியல், மறுபடி அடுப்பு. உடம்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் மாலை கழுத்தில் இருக்கும்வரை அவன் சாராயக்கடைப் பக்கம் போகமாட்டான். அதற்காகவே எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

வீட்டில் மீன் நின்றதும் பூனை கருப்பிக்கும் நின்றது. பாலும் தயிர்ச்சோறும்தான். கார்த்திகை பாதி போவதற்குள் அதற்கு முதுகெலும்பு துருத்தியது; நடக்கையில் பின்னங்கால் மடங்கியது. நிர்மலா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள்.

"பூனைக்கு என்னாத்துக்கும்மா விரதம்?" என்றார் டாக்டரம்மா. "தயிர்சோறு வயித்த ரொப்பும், அவ்ளோதான். கறி மீனு இல்லாம பூனை பொழைக்காது. உப்பு போடாம வேகவெச்சி, முள்ள எடுத்துட்டு குடு. பால நிறுத்து."

சொல்வது சுலபம். போன வருஷம் ஏதோ தீட்டு என்று மாலையைக் கழற்றிய தணிகாசலம் நேராகச் சாராயக்கடைக்குத்தான் போனான். இந்த வருஷம் அந்தச் சாக்கைத் தானே எடுத்துக் கொடுப்பதா? இரண்டு நாள் மனசுக்குள் மல்லுக்கட்டினாள். கருப்பி தண்ணீரையும் வேண்டாமென்று முகத்தைத் திருப்பியபோது பக்கத்து வீட்டுச் சந்திரகலாவிடம் போய் நின்றாள்.

சந்திரகலா வேகவைத்துக் கொடுத்த நெத்திலியை மொட்டைமாடியில் வாழையிலைத் துண்டில் வைத்தாள். கருப்பி முகர்ந்தது, நக்கியது, பிறகு தின்றது. நிர்மலாவுக்கு அழுகை வந்தது.

படியில் கறுப்பு வேட்டி தெரிந்தது.

"சாமி," என்றாள். மாலை போட்டதிலிருந்து புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். "சாவப்போவுது சாமி. அதான் குடுத்தேன். வீட்டுக்குள்ள எடுத்தாரல."

தணிகாசலத்தின் கை மாலைக்குப் போனது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அவனோ மாலையைப் பிடித்துக்கொண்டே சற்று எட்ட உட்கார்ந்தான்.

"மாலைய நாந்தான போட்டேன். அது என்னா பண்ணுச்சு பாவம்? தெனமும் குடு."

அவளுக்கு மூச்சு வந்தது. கருப்பி தின்று முடித்து இலையை நக்கியது. அவன் அவளைப் பார்க்காமலேயே சொன்னான்:

"மலைக்குப் போய்ட்டு வந்து இத கழட்டணுமே, அத நெனச்சாதான் எனுக்கு பயமா இருக்குது."

அவளுக்கும் அதே பயம்தான். குளிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அவளும் அங்கேயே உட்கார்ந்தாள்.