ஐந்தாவது பூச்சு

பேக்கரி வைத்திருப்பவளைத் தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? பன்னம்மா என்றுதான் கூப்பிட்டது. அவள் கணவர் பெயிண்டர். கடைப் பலகை, இரும்புக் கதவு, லாரியின் முதுகு என்று நின்ற இடத்தில் நிற்கும் எதற்கும் வண்ணம் பூசிவிடுவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். பெயிண்டர் கல்யாணத்துக்கு ஆறு வருடம் முன்பே வாங்கிய மோட்டார் சைக்கிள். தனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தவள் என்பதால் பன்னம்மா அதற்கு ‘மூத்தவள்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

மூத்தவளுக்கு இளையவளைக் கண்டாலே ஆகாது. கல்யாணமான பதினோராம் நாள், பின்சீட்டிலிருந்து இறங்கத் தெரியாமல் இறங்கிய பன்னம்மாவின் வலது கெண்டைக்காலில், உட்பக்கமாக, சைலன்சர் ஒரு முத்திரை குத்தியது. அதை அவள் மன்னித்துவிட்டாள். அந்த வயதில் எதைத்தான் மன்னிக்க முடியாது? ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், மகள் வீட்டு வாசலில் அவசரமாக இறங்கும்போது, அதே காலில் அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுவிட்டது. மூன்று வாரம் அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ரொட்டித் தட்டுகளை இழுத்தாள்.

“இனிமே அவ முதுகுல நான் ஏறமாட்டேன்,” என்று அன்றே சொல்லிவிட்டாள். “அந்தச் சூடு என் காலை விட்டு ஒழியற வரைக்கும் எனக்கு பஸ்ஸு போதும்.”

சொன்னால் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பன் பொட்டலத்தோடு பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி மகள் வீட்டுக்குப் போனாள். பெயிண்டர் என்ன செய்தார் தெரியுமா? பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நிறுத்தத்தில் பஸ் நின்றால் அவரும் நிற்பார். ஜன்னலை அண்ணாந்து பார்த்து, கையசைத்து, காற்று வருகிறதா, உட்கார இடம் கிடைத்ததா என்று சைகையில் கேட்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். பன்னம்மா யாரோ எவரோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் அவர் சிக்னலில் மாட்டிக்கொண்டு பின்தங்கினால் அவள் கழுத்து தானாகப் பின்னால் திரும்பும். இரண்டு வருடமாக இந்தக் கூத்துதான்.

எந்தக் கூத்துக்கும் ஒரு முடிவு வேண்டுமே. புதிதாக ஓட்டல் திறந்த ஒருவர், வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தி வைக்கப் பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தார். மூத்தவளைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. சீட்டில் பூந்தொட்டி வைப்பதாக அவர் சொன்னதைக் கேட்டு பெயிண்டரின் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்தும் பன்னம்மா இளகவில்லை, வண்டியைக் கொடுத்துவிடச் சொன்னாள்.

“கடைசியா ஒரு தடவை,” என்றார் பெயிண்டர். “எனக்கு ரெண்டு மாசம் குடு. உன் கால் சுடாம உன்னை மக வீட்டுல இறக்கிவிடறேன். முடியலைன்னா நானே கொண்டுபோய் ஓட்டல் வாசல்ல நிறுத்திட்டு வந்துடறேன்.”

“நம்ம வாசல்ல ஏறி மக வாசல்ல இறங்கணும். நடுவுல எங்கயாவது நான் காலைத் தரையில வெச்சேன்னா, மறுநாளே வண்டி ஓட்டலுக்குப் போயிடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

அன்றிலிருந்து மூத்தவளுக்கு ராஜ வைத்தியம் ஆரம்பித்தது. பன்னம்மாவின் தம்பிதான் மெக்கானிக். அவன் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டான்.

“எதுக்குடா பெரிய பிஸ்டன்?” என்று கேட்டாள் பன்னம்மா.

“ரெண்டு பேரா பாலம் ஏறணும் இல்லக்கா. பழைய எஞ்சின் முக்கும்.”

“ரெண்டு பேர்ல யாரால முக்கும்னு சொல்ல வர்றே?”

தம்பி ஸ்பானரைத் தேடப் போனான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும், “மாமா, இனிமே இதுக்கு இழுவை ஜாஸ்தி. அதனால சூடும் ஜாஸ்தி. பார்த்துக்குங்க,” என்றான். மாமா அந்த ‘சூடும் ஜாஸ்தி’யை நெஞ்சிலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

சைலன்சர் வைத்தியத்தை பெயிண்டர் யாரிடமும் விடவில்லை. சூடு தாங்கும் பூச்சு ஒன்று இருக்கிறதாம். செராமிக் கலந்தது. குழாயின் மேல் பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தால் உள்ளே போகும் நெருப்பு உள்ளேயே போய்விடும், வெளியே கைவைத்துப் பிடிக்கலாமாம். குழாயை மணல் அடித்துச் சுத்தம் செய்து, துடைத்து, பூசி, எல்லாம் ஆன பிறகுதான் ஒரு சங்கடம் வந்தது. சுடுவதற்கு அடுப்பு?

வீட்டில் அடுப்புக்கா பஞ்சம்? பேக்கரிக்கு வார விடுமுறையான திங்கள்கிழமை பன்னம்மா மாவு மூட்டை வாங்கப் போனபோது பெயிண்டர் பூனைபோல் உள்ளே நுழைந்தார். செவ்வாய்க்கிழமை ரொட்டியிலெல்லாம் பெயிண்ட் அடித்த புதுக் கதவு வாசனை அடித்தது. நாற்பது ரொட்டியையும் பன்னம்மா அப்படியே குப்பையில் கொட்டினாள். அடுத்த திங்கள்கிழமை மூட்டை வாங்கப் போவதுபோல் போய், தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள். பன் தட்டில் சைலன்சர் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. பெயிண்டர் அடுப்பின் கண்ணாடி வழியே அதையே பார்த்தபடி குந்தியிருந்தார்.

கையும் களவுமாக அகப்பட்டவர் எழுந்து நின்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், “கொப்புளிக்குது,” என்றார். “போன வாரமும் கொப்புளிச்சுது. ரெண்டு தடவை சுரண்டிட்டேன். ஏன்னே தெரியலை.”

திட்டுவதற்கென்று அவள் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டன. குனிந்து அடுப்பின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

“எடுத்த எடுப்புல இவ்வளவு சூடு வெச்சா? மேல தோல் கட்டிடும், உள்ள இருக்கற ஈரம் எங்க போகும்? முட்டிக்கிட்டுதான் வரும். மொதல்ல சும்மா காயவிடணும். அப்புறம் சின்னச் சூடு. அப்புறம்தான் பெரிய சூடு. ஒரு பன்னுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே.” பிறகு, விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் நினைத்துவிடப்போகிறாரே என்று, “இந்த அடுப்பைத் தொட்டீங்க, கையை முறிச்சுடுவேன். பின்கட்டுல ஓடாத சின்ன அடுப்பு கிடக்கு. ரிப்பேர் பண்ணி அதுல வெச்சு என்னமோ பண்ணித் தொலைங்க,” என்றாள்.

பின்கட்டு அடுப்பு ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் சில நாள் மாலையில் அங்கிருந்து எஞ்சின் உறுமும், கொஞ்ச நேரத்தில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் எஞ்சின் அடங்கிவிடும். தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார்போல என்று நினைத்துக்கொண்டாள்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தவள் வாசலில் நின்றாள். ஒன்று சொல்ல வேண்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தாள். சைலன்சர் மட்டுமில்லை, எஞ்சினும் தகடு தகடாக மேலிருந்து கீழ்வரை அதே சாம்பல் நிறத்தில், ஒரு பொட்டு இரும்பு வெளியே தெரியாமல் பூசப்பட்டிருந்தது. பூச்சு மீந்துபோனால் பெயிண்டருக்குக் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவர் வீட்டுத் துடைப்பத்தின் பிடிக்கே மூன்று வண்ணம் அடித்தவர்.

பன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பன்னம்மா ஏறினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சீட்டு. அதே பள்ளம், அதே இடத்தில். கையை எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, எப்போதும் வைக்கிற தோளில் வைத்தாள்.

வழியில் இரண்டு முறை வேண்டுமென்றே காலைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோனாள். அனல் அடிக்கவில்லை. கடைத்தெரு போயிற்று, பஸ் நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பாலத்தின் ஏற்றத்தில் புது பிஸ்டன் மூச்சுவிடாமல் இழுத்தது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் பன்னம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாலத்தின் உச்சியைத் தொட்டதும் எஞ்சின் ஒரு முறை விக்கியது. பிறகு இரும்பை இரும்பு கவ்வுகிற சத்தம். பெயிண்டரின் கை நொடியில் கிளட்சைப் பிடித்ததால் வண்டி விழாமல் ஓரத்துக்கு வந்து நின்றது.

பெயிண்டர் இறங்கி, அவளை உட்கார வைத்தபடியே ஸ்டாண்டைப் போட்டார். உதைத்துப் பார்த்தார். உதைக்கட்டை அசையவே இல்லை.

“பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு,” என்றார். குரலில் உயிரில்லை. “இறங்கிக்க. பின்னாடி பஸ் வரும்.”

“வாசல்லேருந்து வாசல் வரைக்கும்னு சொன்னேன் இல்ல? இறங்கமாட்டேன்.”

அவள் வழக்கமான வீம்பில்தான் சொன்னாள். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எஞ்சின் முன்னால் குந்தினார். அப்போதுதான் மேலிருந்து பார்த்த பன்னம்மாவின் கண்ணில் அது பட்டது. அவருடைய வலது கெண்டைக்காலின் உட்பக்கம், ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு தழும்பு. மேலே இருந்தது கறுத்துத் தடித்திருந்தது. அடுத்தது அதைவிடச் சின்னது. மூன்றாவது வெறும் சிவப்பு. நாலாவது உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

“என்னங்க அது கால்ல?”

அவர் சட்டென்று கால்சட்டையை இறக்கிவிட்டார். “ஒண்ணுமில்ல.”

“சொல்லப்போறீங்களா இல்லையா?”

“உன் தம்பிகிட்ட சூடு பார்க்கற மிஷின் இருக்கு. அது நம்பர்தான் காட்டும். நம்பரை வெச்சு உன் கால் என்ன பாடுபடும்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று எஞ்சினைப் பார்த்தபடியே சொன்னார். “அதான் ஒவ்வொரு பூச்சு காஞ்சதும் வண்டியை அரை மணி ஓட்டிட்டு, காலை வெச்சுப் பார்த்தேன். உனக்குப் பட்ட அதே இடத்துல.”

“நாலு இருக்கே.”

“அஞ்சு பூச்சு. அஞ்சாவது சுடலை.”

பின்கட்டிலிருந்து வந்த அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் தண்ணீர் தெளித்த சத்தமில்லை என்று அவளுக்கு இப்போது புரிந்தது. இந்த மனுஷனை என்ன செய்வது? அழுதால் நடுப்பாலத்தில் பெரிய வேடிக்கையாகிவிடும் என்று, எதையாவது திட்டலாமென எஞ்சினைப் பார்த்தாள். பார்த்ததும் திட்டுவதற்கு விஷயம் தானாகவே கிடைத்தது.

“எஞ்சினுக்கு எதுக்குப் பூசினீங்க?”

“சூடு ஜாஸ்தின்னு உன் தம்பிதானே சொன்னான்? அந்தச் சூடும் உன் முட்டிக்கு வரக்கூடாது இல்ல?”

“சூடு வெளிய வராம இருக்கத்தானே அந்தப் பூச்சு? அப்ப எஞ்சின் சூடு எங்க போகும்? இந்தத் தகடெல்லாம் எதுக்கு வெச்சிருக்கான், காத்துல ஆறத்தானே? சுட்ட ரொட்டியை நான் கம்பி வலையில ஆறப்போடறதை முப்பது வருஷமா பார்க்கறீங்க. கம்பளி போத்தியா வெக்கறேன்? மூத்தவளுக்குக் கம்பளி போத்தி மூச்சை அடைச்சுட்டீங்களே!”

பெயிண்டர் தகடுகளைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு விடாமல் பூசிய தன் கைத்திறமையை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது. “நாளைக்கே ஓட்டல்காரருக்குப் போன் பண்ணிடறேன்,” என்றார். “நான் தோத்துட்டேன். நீ இறங்கு.”

பன்னம்மா இறங்கவில்லை. குனிந்து, சுடிதார் காலை முழங்கால்வரை ஏற்றி, இரண்டு முறை வெந்த அந்தத் தழும்பை எடுத்துச் சைலன்சரின் மேல் அழுத்தி வைத்தாள். பெயிண்டர் பதறி எழுந்தார். அவள் காலை எடுக்கவில்லை. அடுப்பைவிட்டு வெளியே வந்து கால்மணி நேரம் ஆன பன்னின் சூடுதான் இருந்தது.

“நியூட்ரல்ல போட்டு ஏறுங்க,” என்றாள். “இறக்கம்தானே.”

சத்தமே இல்லாமல் வண்டி பாலத்திலிருந்து இறங்கியது. இத்தனை வருடத்தில் அந்த வண்டியில் அவர் பேசுவது அவளுக்குக் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். ஆனால் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான், அதையும் வழியெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

“சுடுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லைன்னு சொல்றேன் இல்ல.”

மகள் வீட்டுத் தெருவுக்குள் திரும்பி, வாசலுக்கு முப்பதடி இருக்கும்போது வண்டியின் ஓட்டம் தீர்ந்தது. பெயிண்டர் காலை ஊன்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார். பன்னம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“தள்ளுங்க,” என்றாள்.

வாசலுக்கு வந்த மகள், வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வரும் அப்பாவையும், பொட்டலத்தோடு மேலே அமர்ந்து வரும் அம்மாவையும் பார்த்து வாயில் கை வைத்தாள். “ஏம்மா, உனக்கே நல்லா இருக்கா? பாவம் அப்பா! இறங்கி நடந்து வந்தா என்ன?”

“நான் வாசலுக்கு முன்னாடி இறங்கினா, நாளைக்கு உங்கப்பா வண்டியைக் குடுத்துடணும்டி,” என்றாள் பன்னம்மா.

பெயிண்டர் தள்ளுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, மீதமிருந்த பத்தடியையும் ஒரே மூச்சில் தள்ளினார்.