சூப்பில் ஒரு மூடி

அப்பா சாப்பிட்டு வைத்த கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சூப்பிலிருந்து வந்தது பூண்டு வாசனை இல்லை, மிளகு வாசனையும் இல்லை. அவள் வேலை பார்க்கும் வாசனை எண்ணெய்க் கம்பெனியில் தினமும் காகிதக் கீற்றை நனைத்து நனைத்து முகர்ந்து, மூக்குக்குள்ளேயே குடியேறிவிட்ட வாசனை அது. மரு இலை எண்ணெய். குப்பியில் மார்ஜோரம் என்று அச்சடித்து விற்பார்கள். கூடை கூடையாக இலையைக் காய்ச்சி வடித்தால்தான் ஒரு சின்னக் குப்பி நிறையும். அவ்வளவு கடுமை.

"அம்மா, இதுல என்ன ஊத்துன?"

"மெதுவாப் பேசுடி. இப்பதான் சாப்பிட்டு எந்திரிச்சிருக்கார்."

"என்ன ஊத்துனன்னு கேட்டேன்."

"நீ கொண்டு வந்ததுதான்." அம்மா கழுவின கரண்டியையே மறுபடியும் கழுவினாள். "கொஞ்ச நாளா இந்த வீட்ல ஒரு தட்டு உடைஞ்சிருக்கா, சொல்லு."

உடையவில்லை. மனுஷனுக்கு வயசாகிவிட்டது, அடங்கிவிட்டார் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் கொடுத்த குப்பியைக் கொண்டுவந்த அன்று, நன்றாகத் தூக்கம் வரட்டும் என்று அம்மாவின் தலையணையில் ஒரு சொட்டு விட்டது இவள்தான். சமையலுக்கும் போடலாமா என்று அம்மா கேட்டதற்கு, "ஒரு அண்டாவுக்கு ஒரு சொட்டு போதும், நம்ம வீட்டுப் புலிகூடக் கொட்டாவி விடும்" என்று சிரித்தவளும் இவள்தான். விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்ன உளறினாலும் அது வைத்தியம்.

"எவ்வளவு?"

அம்மா குப்பியின் மூடியைக் காட்டினாள். "முதல்ல சொட்டுதான். நேத்து என் மேல தட்டை ஓங்கிட்டார். அதான் இன்னைக்கு அவர் கிண்ணத்துல ஒரு மூடி. இருமல் மருந்து அப்படித்தானே குடிப்போம்?"

தண்ணீரில் கரையாத, வீரியம் குறையாத எண்ணெய். அப்படியே உள்ளே போயிருக்கிறது.

கூடத்தில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். மதிய ஷிப்ட். கட்டடத்தின் உச்சியில் கிரேனுக்குள் உட்கார்ந்து, இரும்புக் கம்பிக் கட்டுகளை ஆட்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. கயிற்றை முடிச்சுப் போட்டார். முடிச்சு விழவில்லை. மறுபடியும் போட்டார். கயிறு விரலுக்கு அகப்படாமல் நழுவியது.

"டிகிரி, லைட்டப் போடு. ஒரே இருட்டா கெடக்கு."

அவள் வாங்கிய பட்டத்தைக் கேலி செய்து அவர் வைத்த பெயர் அது. ஜன்னல் வழியாக வெயில் அவர் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வாயத் திறக்காத. கதவைத் தாண்டிட்டார்னா ராத்திரி வரைக்கும் நாம மூச்சு விடலாம்."

"கிரேனுக்குக் கீழ நிக்கிறவன் மூச்சு?"

"உன் கால்ல விழறேன்டி. தெரிஞ்சா என்னை உரிச்சுடுவார்."

உரிப்பார்தான். சொன்னால் அடிபடுவது அம்மா, சொல்லாவிட்டால் யாரோ பெற்ற பிள்ளைகள். இந்தக் கணக்கைத் தன் தலையில் கட்டிய மூன்று பேர் மேலும், அதாவது அப்பா, அம்மா, தன் வாய், எல்லார் மேலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா, இன்னைக்கு நீங்க கிரேன்ல ஏறக் கூடாது. சூப்புல என் கம்பெனி எண்ணெய் கலந்திருக்கு. நான்தான் கலந்தேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்வை வந்து சேரவே நேரமாயிற்று.

"நீயா? உனக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாதே." அவர் கண் அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனது. "ரெண்டு பேரும் வீட்டை விட்டு நகரக் கூடாது. தூங்கி எந்திரிச்சு வந்து பேசிக்கறேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஒரு கால் பூட்ஸோடு போய்க் கட்டிலில் விழுந்தார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் விசாரித்துவிட்டு, "வாந்தி எடுக்க வைக்காதீங்க. வண்டி அனுப்பறோம். அது வர்ற வரைக்கும் தூங்க விடாதீங்க, பேச்சுக் குடுத்துட்டே இருங்க" என்றாள்.

தூங்க விடக் கூடாது. இந்த மனுஷன் தூங்கினால் போதும் என்று ஆயுசு முழுக்க வேண்டிக்கொண்ட வீட்டில், அவரைப் போய் எழுப்ப வேண்டும்.

"செருப்பப் போடும்மா. என்கூட வேலை செய்யற அக்கா ரூமுக்குப் போ. நான் சொல்ற வரைக்கும் வராத."

"அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"நான் இருக்கேன்ல."

"உன்னை ஏதாவது பண்ணிட்டா?"

"கிளம்பு."

"அடுப்புல பால் வச்சிருக்கேன்டி."

"பொங்கட்டும்."

அம்மா படியிறங்கும் சத்தம் அடங்கியபின் அவள் படுக்கையறைக்குள் போனாள். அறை முழுக்க அந்த வாசனை. அவர் மூச்சிலிருந்தே வந்தது.

"அப்பா."

அசைவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. எழுந்திருக்கவில்லை என்றால் அம்மா கொலைகாரி. எழுந்துவிட்டால், கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தான் மட்டும். எந்தப் பயம் பெரியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கன்னத்தில் தட்டினாள். இந்த வீட்டில் அடுத்தவர் கன்னத்தில் கை வைக்கும் உரிமை இதுவரை ஒருத்தருக்குத்தான் இருந்தது. பலமாகத் தட்டினாள். இன்னும் பலமாக.

கண் திறந்தது. சிவந்த கண்.

"உங்கம்மா எங்கடி?"

பிழைத்துக் கிடக்கிறார். போன மூச்சு அவளுக்குத் திரும்பி வந்தது. அதே வேகத்தில் முதுகு சில்லிட்டது.

"போயிட்டாங்க."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

அவர் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியது. இமை மறுபடியும் மூடப் பார்த்தது. வெளியே வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. குனிந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"கேளுங்கப்பா. எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருங்க."

"எங்கடி..."

"சொல்ல மாட்டேன்."

பிடி இறுகியது. எலும்பு வலித்தது. வலிக்கிற வரைக்கும் நல்லது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.