கூண்டு மாற்றிய குட்டிகள்

கரண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் சொக்கம்மாள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். பால் மோவாய் வழியாக இறங்கிக் கழுத்துக் குழியில் தேங்கியது. உயிர் போகும் வேளையில் உறவினர் ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றுவது அங்கே வழக்கம். கூடப் பிறந்தவன் என்பதால் முதல் கரண்டி தாமோதரனுடையது. அவன் துண்டின் நுனியால் அவள் கழுத்தைத் துடைத்தான்.

"இன்னும் போவலடா நானு," என்றாள் அவள். "அதுக்குள்ள இன்னா அவசரம்? எல்லாரையும் வெளிய போவச் சொல்லு."

நாத்தனார் எல்லம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "காலையிலேர்ந்து கண்ணே தொறக்கல. பட்டணத்துத் தம்பியக் கண்டதும் அதிகாரம் வந்துடுச்சு பாரு எங்க அண்ணிக்கு." சொல்லிவிட்டு மற்றப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போனாள். அவள் அண்ணனும் சொக்கம்மாளின் கணவருமான வரதன் மட்டும் வாசற்படியில் சற்று நின்று, மனைவியையும் மைத்துனனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு விலகினார்.

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமோதரன் எலிகளுக்குப் புற்றுநோய் வரவழைத்துக்கொண்டிருந்தான். வரவழைக்கத் தெரிந்தால்தான் விரட்டவும் தெரியும் என்பது அந்தத் துறையின் நம்பிக்கை. ஒரு வகைப் பெண் எலிக்கு மார்பில் கட்டி வருகிறது. அதற்குக் காரணமான வைரஸ் பாலோடு குட்டிகளின் உடலில் புகுகிறது. இன்னொரு வகை எலியின் உடலில் உறங்கிக்கிடக்கும் வைரஸைக் கதிர்வீச்சு எழுப்பிவிடுகிறது. போன ஆண்டு வானொலியில் இதை அவன் எளிய தமிழில் விளக்கியபோது, உத்திரமேரூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிற்றூர் முழுவதும் பஞ்சாயத்து ஒலிபெருக்கியின் கீழே திரண்டிருந்தது. தெருவிலிருந்த பெண்களை வலிய அழைத்துவந்து உட்காரவைத்தவள் சொக்கம்மாள்தான். மனிதர்களிடம் இவ்வாறு நிகழ்வதற்கு இதுவரை நிரூபணம் இல்லை என்று அவன் பேச்சை முடித்திருந்தான். அந்த வாக்கியம் மட்டும் எவர் நினைவிலும் தங்கவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவளுக்கே மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, தொடங்கிய சில நாட்களிலேயே எழுந்து ஊருக்கு வந்துவிட்டாள். "எலிக்கு வெச்சா எழுந்துக்கற கிருமி, எனக்கு வெச்சா மட்டும் தூங்குமா?" என்று கேட்டாள். அவன் பதில் சொன்னான், நெடுநேரம் சொன்னான். அளவு வேறு, உடல் வேறு, பெரும்பாலும் பயன் உண்டு, சிலருக்கு இருப்பதில்லை. "ஆமாவா, இல்லியா?" என்று அவள் கேட்டதற்கு அந்த நீண்ட பேச்சில் விடை இல்லை.

இப்போது அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாகறல் சம்மந்திங்க வருவாங்க. ராஜாராமு உன்னதான் கேப்பாரு. எம் பொண்ணு கனகாவும் எம் பால் குடிச்சதுதான, அதுக்கும் வருமான்னு. தை மாசம் பாக்கு மாத்தினப்ப பேசின மனுசன், எனக்கு இதுன்னு தெரிஞ்சப்பறம் இந்தப் பக்கமே வரல. நீ வராதுன்னு சொல்லு. ஒரே வார்த்த."

"சொல்றேன்க்கா. ஆனா மனுசங்க விஷயத்துல இன்னும்…"

"பாத்தியா. உனக்கு வரவே வராது." அவள் சிரிக்க முயன்றாள், மூச்சு இரைத்தது. "நீ பொய் சொல்ல வாணாம். அது எம் பாலே குடிக்கல."

தாமோதரன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"பெத்ததுலேர்ந்தே பால் எறங்கல, மாரு கட்டிக்கிச்சு. சீழு. நம்ப அம்மா அப்பவே இல்ல, மாமியார் வூட்லதான் பெத்தேன். கெயவிதான் மாட்டுக் கொட்டாய்க்குச் செங்கேணிய வரவெச்சா. அவளும் அப்பதான் பெத்திருந்தா. சாணி அள்ள வர்ற மாரி வந்துட்டு, குடுத்துட்டுப் போவா. ஊர்ப் பொம்பளைங்க வந்தா நானு புள்ளைய மடியில போட்டு முந்தானையால மூடிக்கினு உக்காந்துகினு இருப்பேன். உங்க மாமாவுக்கே தெரியாது."

"செங்கேணியோட கொழந்த?"

"கஞ்சித் தண்ணி ஊத்தினா. உசுரு நிக்கல."

வெளியே யாரோ வாளியை இழுக்கும் ஓசை கேட்டது.

தாய் எலியிடமிருந்து குட்டிகளைப் பிறந்த உடனே பிரித்து, நோயில்லாத வேறொரு தாயின் கூண்டில் விடுவது தாமோதரனின் அன்றாட வேலை. அந்தக் கூண்டின் மரத்தூளை எடுத்துக் குட்டிகளின் மேல் தேய்ப்பான். அப்போதுதான் புதிய தாய் அவற்றைக் கடிக்காது. கூண்டு மாறிய குட்டிகளுக்குப் பெரும்பாலும் கட்டி வருவதில்லை. அதற்கு முன்பாக, பாலுக்குப் போட்டி இருக்கக் கூடாதென்று, புதிய தாயின் சொந்தக் குட்டிகளை அப்புறப்படுத்திவிடுவார்கள். அந்தக் குட்டிகளைப் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவன் எழுத நேர்ந்ததில்லை.

"செங்கேணி பேர எங்கியும் எடுத்துடாத," என்றாள் சொக்கம்மாள். "சேரிக்காரி பாலுன்னு தெரிஞ்சா எம் பொண்ண எந்த வூட்லயும் படியேத்த மாட்டாங்க. அவளையும் வுட மாட்டாங்க. கையில அடி."

அவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். உச்சிவேளைக்குள் அவள் போய்விட்டாள்.

பந்தல் போட்டார்கள். பறை வந்தது. பங்காளிகளில் ஒருவரான சேட்டு, நாற்காலியை இழுத்துத் தாமோதரன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"எலி டாக்டரு எப்ப வந்தீங்கோ?"

"காலையில."

"இந்த நேரத்துல கேக்கறேனேன்னு நெனைக்காதீங்கோ. கதுரு முத்தற நேரத்துல வயலெல்லாம் எலி வெட்டிப் போடுது. நீங்க குடுக்கற வியாதியில ரெண்டு இங்க கொண்டாந்து வுட்டீங்கன்னா…"

அருகிலிருந்தவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வரதன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அத்தயும் ரேடியோல கேளு சேட்டு. வூட்டு மனுசருக்கு இன்னா செய்யறதுன்னு மட்டும் அவங்க ரேடியோல சொல்ல மாட்டாங்க."

மாகறலிலிருந்து வண்டி வந்தது. ராஜாராம் மாலையோடு இறங்கினார்; அவர் மனைவியின் கக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. பந்தலில் இருந்த அத்தனை கண்களும் அந்தப் பையின் மேல் விழுந்தன. சம்பந்தி வீட்டார் இறந்தவளுக்குக் கோடிப் புடவை போர்த்தினால் உறவு நிற்கிறது என்று பொருள். மாலையை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினால், அவர்கள் வெறும் ஊர்க்காரர்களாகத் துக்கத்துக்கு வந்தவர்கள். கனகா தாயின் தலைமாட்டில், அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் பையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

புடவை பைக்குள்ளேயே இருந்தது. ராஜாராம் தாமோதரனைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துக்கொண்டுபோனார். அங்கிருந்து பத்தடி தள்ளி, வேலிக்கு அப்பால் சேரிப் பெண்கள் நின்று மாரடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கேணி கடைசியில் நின்றாள். அவள் மாரடிக்கவில்லை, வேலிக் கழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி இருந்தாள்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆளு இல்ல," என்றார் ராஜாராம். "எங்க வூட்ல ஒரே புள்ள. நாளைக்கி அதுக்குப் பொறக்கறதும் எங்களுதுதான். வருமா, வராதா?"

"வராது," என்றான் தாமோதரன். சொல்லி முடித்த பிறகு வாய் மேலும் ஒரு வாக்கியத்துக்காகத் திறந்தது, அதை மூடிக்கொண்டான்.

"ரேடியோல அப்பிடி சொல்லலியே."

"அது எலிங்க."

"எலியும் பாலுதான குடுக்குது? நீங்க மாமனாப் பேசறீங்களா, டாக்டராப் பேசறீங்களான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அத்த வுடுங்க. பொண்ணு அவங்க பால் குடிச்சுதா? அதச் சொல்லுங்க போதும்."

தாமோதரனுக்கு நெஞ்சில் ஒரு வெளிச்சம் பட்டது. உண்மையே இந்த முறை அவன் பக்கம் இருந்தது.

"இல்ல. அக்காவுக்கு அப்ப மாரு கட்டிச் சீழ் வெச்சுடுச்சு. ஒரு நாள்கூட சரியாக் குடுக்கல."

"பின்ன இன்னா குடுத்து வளத்தாங்க?"

வேலியில் செங்கேணியின் கை அசைந்தது போலிருந்தது.

"பசும்பாலுதான்," என்றான். "வூட்டு மாடு."

ராஜாராம் மூக்கு வழியாக நீண்ட மூச்சு விட்டார். பிறகு அவர் முகம் தளர்ந்தது. பந்தலுக்குள் திரும்பித் தம் மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்தார். அந்த அம்மாள் பையைப் பிரித்தாள். அரக்குச் சிவப்பில் ஒரு கரை வெளியே தெரிந்தது. கனகா நிமிர்ந்தாள்.

அப்போது எல்லம்மாள் மாரில் அறைந்துகொண்டு எழுந்தாள். சம்பந்தி வீட்டார் எதிரில் அண்ணியின் பெருமையைச் சொல்லி அழாவிட்டால் நாத்தனாருக்கு அது குறை. நோய் ஒட்டிக்கொள்ளுமென்று அன்று காலை வரை சொக்கம்மாளின் தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தவளும் அவளேதான்.

"மூணு வருசம் மாரணைச்சே எங்கண்ணியே – நீ
முட்டமுட்டப் பால் குடுத்தே எங்கண்ணியே
சொட்டுப் பாலும் அடுத்தூடு கேக்காம – நீ
சொந்தப் பாலில் வளத்தியே எங்கண்ணியே"

மற்றப் பெண்கள் அந்த அடிகளைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னார்கள். ஒருத்தி, "நானே பாத்தேனே தாயே, நடையில நீ மடியில போட்டுக் குடுத்தத," என்று சேர்த்துக்கொண்டாள். பறையும் அவர்கள் பாட்டுக்கு இறங்கிக் கொடுத்தது.

ராஜாராமின் மனைவி கணவனைப் பார்த்தாள். சிவந்த கரை மீண்டும் பைக்குள் போயிற்று.

"ஏம்பா தாமோதரா," என்றார் ராஜாராம். அவர் குரலில் கோபம் இல்லை, மரியாதைதான் போயிருந்தது. "படிச்சவன் நீ. பொணத்த நடுவூட்ல போட்டுக்கினு பொய் சொல்லலாமா?"

"பொய் இல்லீங்க."

"அப்ப அந்த பொம்பளைங்க அத்தினி பேரும் பொய்யா அழுவறாங்களா? சரி. நீ சொல்றதே நெசம்னு வெச்சிக்கறேன். யாராச்சும் ஒரு ஆளக் காட்டு. பாத்த ஆளு. இந்தப் பொண்ணு அவ பால் குடிக்கலன்னு சொல்ற ஒரே ஒரு ஆளு."

ஆள் பத்தடியில் இருந்தாள். ராஜாராமின் குரல் வேலியை எட்டியிருக்க வேண்டும். செங்கேணி கழியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். தாமோதரன் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பந்தல் காலைப் பார்த்தான்.

"வுடு," என்றார் ராஜாராம். "உன் ரேடியோவையே நாங்க நம்பிக்கறோம்."

அவர் போய் மாலையைப் பிணத்தின் காலடியில் வைத்தார். வரதனின் கைகளைத் தொட்டு எடுத்தார். பாடை தூக்கும் வரை இருக்க முடியாதென்றும் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லையென்றும் சொன்னார். வண்டி திரும்பியபோது எல்லம்மாள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கவனித்திருக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் சுடுகாட்டு வேலை முடிந்தது. ஏரியில் தலைமுழுகி ஈரத்துணியோடு திரும்பியவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றான்.

கனகா உள்ளிருந்து தாயின் பாயையும் தலையணையையும் பழம் புடவைகளையும் ஒரே சுருட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவற்றைக் கொண்டுபோவதற்காகச் செங்கேணி கொல்லைப்படலுக்கு வெளியே காத்திருந்தாள். கனகா சுருட்டைப் படலுக்கு இந்தப் பக்கமே தரையில் வைத்துவிட்டு, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள். அவள் போதுமான தூரம் நகர்ந்த பிறகே செங்கேணி உள்ளே வந்தாள்.

"ஒரு வாய் எதுனா சாப்ட்டியா பாப்பா?"

"ம்."

"மூஞ்செல்லாம் வத்திப்போயி கீதே."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ சீக்கிரம் எடு, இந்த எடத்தக் கழுவணும்."

செங்கேணி குனிந்தாள். சுருட்டைத் தலையில் ஏற்றிக்கொள்ள யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை முயன்று, முழங்காலில் முட்டுக்கொடுத்துத் தானே ஏற்றிக்கொண்டாள். தாமோதரனை ஒரு முறை பார்த்தாள். பிறகு வரப்பில் இறங்கி நடந்தாள்.

கனகா குடத்திலிருந்த தண்ணீரைச் செங்கேணி நின்ற இடத்தில் ஊற்றி, துடைப்பத்தால் வெளியே தள்ளினாள். தண்ணீர் பத்தவில்லை.

"இன்னொரு கொடம் எறைச்சுக் குடுங்க மாமா," என்றாள்.

தாமோதரன் கயிற்றைக் கிணற்றில் இறக்கினான்.