பரிகோரியா வேண்டாம் என்று சொன்னவன்

"இனிமே பரிகோரியா வைத்தியந்தான் சார்," என்றாள் டாக்டர் மிர்சினி. ஒரு காலத்தில் என்னிடம் பழைய கிரேக்கம் படித்தவள். "உங்க வீட்டம்மாவோட கேன்சரைக் குணமாக்க முடியாது. வலி தெரியாம பாத்துக்கலாம். எங்க ஆளுங்க வீட்டுக்கே வந்து மார்பின் போடுவாங்க."

முப்பத்தொரு வருஷம் இலக்கணம் நடத்திய வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தச் சொல் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். முன்பாதிக்கு 'பக்கத்தில்' என்று பொருள், பின்பாதிக்கு 'சபையில் பேசுவது'. துக்கப்படுகிறவன் பக்கத்திலிருந்து பேசுவதுதான் பரிகோரியா. அபினி மருந்துக்கு அந்தப் பெயர் ரொம்பப் பின்னால் வந்தது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரி சார். அம்மாவுக்கு வலி எப்படி இருக்கு?"

"அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். அவளுக்குத் தெரிஞ்சுடும்."

என் மனைவி எவான்தியாவிடம் முதுகெலும்புத் தேய்மானம் என்று சொல்லியிருந்தேன். கிரீஸில், எங்கள் வோலோஸ் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். நோயாளியிடம் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாள் இருந்தாள். கடையில் கிடைக்கும் மாத்திரைதான் கொடுத்தேன். தலையணை உறையைக் கடித்தே கிழித்துவிட்டாள்.

"சொல்லுங்க வாத்தியாரே," என்றாள் ஒரு மத்தியானம். "தேய்மானத்துக்கே இந்தக் கத்து கத்துறேனே, நெசமாவே சீக்கு வந்தவங்க எப்படித்தான் தாங்குறாங்க?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கசப்புக் காபிக்கும் பிராந்திக்கும் உட்கார்ந்தோம். அதையும் நாங்கள் பரிகோரியா என்றுதான் சொல்வோம். என் மச்சினி அர்கிரோ ரஸ்க்கைக் காபியில் நனைத்தபடி இருந்தாள்.

"அக்கா சின்ன வயசுலயே அப்படித்தான் அத்தான். முள்ளு குத்தினா தெருவையே கூட்டிடுவா." லேசாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. 'ஒரு முதுகு வலியத் தாங்கத் துப்பில்ல எனக்கு, அவர் மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்குடி'ன்னா."

கோப்பையை மேஜைமேல் வைத்தேன்.

"அது தேய்மானம் இல்ல, அர்கிரோ."

நோயின் பெயரைச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ரஸ்க் ஊறிக் கோப்பைக்குள் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அந்த வலிக்கு மருந்தே இல்லயா அத்தான்?"

"இருந்துச்சு," என்றேன்.