எத்தனை நாள் இருப்பீங்க?

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு முன் எழுதிய மூன்று வரைவுகளிலும் வேறு யாரோ கேட்பதுபோல எழுதி நழுவியிருக்கிறேன். முதல் வரைவில் கேட்டவள் கடுகடுவென்று ஒரு பெண். இரண்டாவதில் ஒரு மீசைக்காரர். மூன்றாவதில் கணினியே கேட்டது. கணினி பாவம், அது எதையும் மறுக்காது என்கிற தைரியம் எனக்கு.

பதினோரு வருடம் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியை எடை போட வேண்டும், பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும், போர்டிங் பாஸ் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் பார்ப்பது என்றால் முகத்தையும் படத்தையும் ஒப்பிடுவது என்று நினைப்பீர்கள். அது சின்ன வேலை. போய் இறங்குகிற நாடு இந்த ஆளை உள்ளே விடுமா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும், அதுதான் பெரிய வேலை. அங்கே திருப்பி அனுப்பிவிட்டால் கம்பெனிதான் அழைத்துவர வேண்டும், பழி கவுண்டரில் இருந்தவன் தலையில் விழும். அதனால் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் சந்தேகப் பிராணிகள்.

2

கைவிட்ட தொடக்கங்கள் சில:

‘கண்ணாடிக் கதவுகள் தாமாகத் திறந்தன. நீல ஸ்வெட்டர் அணிந்த அந்தப் பெண், தன் கைகளில் இரண்டு தேசங்களை ஏந்தி—’

(தேசங்களை ஏந்தினாராம்! அவர் கையில் இருந்தவை இரண்டு பாஸ்போர்ட், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு போன்.)

‘இரட்டைக் குடியுரிமை என்பது, யோசித்துப் பார்த்தால், இரண்டு வீடு இருந்தும்—’

(கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

‘அன்று காலையிலிருந்து எனக்குத் தலைவலி. போதாக்குறைக்கு—’

(இது சாக்கு. அன்று எனக்கு ஒரு வலியும் இல்லை.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். காலை மணி பத்து ஐந்து. பத்தரைக்குக் கவுண்டரை மூட வேண்டும். வரிசையில் கடைசி ஆளாக நீல ஸ்வெட்டர் அம்மா வந்தார். பெயர் எனக்குத் தெரியும், இரண்டு பாஸ்போர்ட்டிலும் படித்தேனே. இங்கே எழுதமாட்டேன். நான் அவருக்குச் செய்தது போதும்.

3

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஸ்வெட்டரின் இடது கைமுனையில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. முப்பது கிலோ கொண்டுபோகலாம், அவர் பெட்டி ஆறு கிலோ இருந்தது.

(இரண்டாம் வரைவில் அவரைப் பள்ளி ஆசிரியை ஆக்கியிருந்தேன். அவர் என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நிரப்புவதுதான் எழுத்தாளன் வேலை என்பார்கள். இந்த அம்மா விஷயத்தில் எனக்குக் கை வரவில்லை.)

அவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார்.

“ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க தம்பி.”

ஒன்று அவர் பிறந்த நாட்டுடையது. அங்கேதான் போகிறார். இன்னொன்று அவர் இப்போது வாழ்கிற இந்த நாட்டுடையது. பிறந்த நாட்டு பாஸ்போர்ட்டைத் திறந்தேன்.

“இது காலாவதி ஆயிடுச்சேம்மா. பதினோரு நாள் ஆச்சு.”

“இருக்காதே தம்பி. அக்கா சொல்லியிருப்பாளே.”

அக்கா அங்கே இருக்கிறாள். வீட்டில் எல்லாருடைய தேதிகளும் அவள் நோட்டுப் புத்தகத்தில்தான். யாருக்கு எப்போது பல் டாக்டர், எப்போது பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், எல்லாம். ‘புதுப்பிச்சியாடி, புதுப்பிச்சியாடி’ என்று போன் போட்டு உயிரை எடுப்பாளாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“ரெண்டு மாசமா ஆஸ்பத்திரில கெடக்கறா. அதான் சொல்லல.”

4

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். பிறந்த நாட்டு பாஸ்போர்ட்டில் போனால் அவர் அந்த நாட்டுக்காரர். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த நாட்டு பாஸ்போர்ட்டில் போனால் விருந்தாளி. முப்பது நாள்தான். அதற்குள் கிளம்பிவிடுவேன் என்று காட்டத் திரும்பி வரும் டிக்கெட் வேண்டும். அது இல்லாமல் என் திரை பச்சை ஆகாது. திரையில் குடியுரிமைக்கு ஒரே ஒரு கட்டம்.

அவரிடம் இருந்தது போகிற டிக்கெட் மட்டும்.

“ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. திரும்பி வர்ற டிக்கெட் ஒண்ணு இப்பவே போட்டுடலாம். எத்தனை நாள் இருப்பீங்க?”

இதுதான் அந்தக் கேள்வி.

அவர் என்னைப் பார்த்தார். “அவ எத்தனை நாள் இருக்காளோ, அத்தனை நாள்.”

(‘தங்குவீங்க’ என்று கேட்டிருக்கலாம். படிவத்தில்கூட ‘தங்கும் நாட்கள்’ என்றுதான் போட்டிருந்தது. நம் மொழியில் வீட்டில் இருப்பதும் இருப்பதுதான், உயிரோடு இருப்பதும் இருப்பதுதான். இத்தனை வருடமாக இந்த ஒரு சொல்லைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.)

எனக்கு அப்போதாவது வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். மணி பத்து பதினாறு.

“ஏதாவது ஒரு தேதி போடுங்கம்மா. அப்புறம் மாத்திக்கலாம்.”

“என் வாயால எப்படி தம்பி சொல்றது?”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“ஒரு வாரம், பத்து நாள்ங்கறாங்க.”

“அப்ப பதினஞ்சு நாள்னு வெச்சுக்கலாமா?”

உதவி செய்கிற குரலில் சொன்னேன். அதுதான் கொடுமை. பதினைந்தில் பத்தைக் கழித்து, காரியங்களுக்கு ஐந்து நாள் என்று என் மனதில் கணக்கு ஓடியது அவருக்கும் தெரிந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

“முப்பதாவது நாள் போடுங்க,” என்றார்.

போட்டேன். அந்தத் தேதியில் இடம் இல்லை. அதற்கு முந்தைய நாளும் இல்லை. மாதக் கடைசியில் விடுமுறைக் கூட்டம்.

“முப்பத்தொண்ணாவது நாள்?”

“முப்பதுக்கு மேல போகாதும்மா.”

“அப்ப முன்னாடிதான் சொல்லணும்.”

“ஆமாம்மா.”

 அவர் ஊக்கைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். மணி பத்து இருபத்துமூன்று.

5

முதல் வரைவில் இந்த இடத்தில் நான் ஏதோ ஒரு விதியைக் கண்டுபிடித்து அவரை விமானம் வரை ஓட்டமாக அழைத்துப்போய் வழியனுப்பிவைத்தேன். அருமையான பத்தி. கிழித்துவிட்டேன்.

உண்மையில் அவருடைய போன் அடித்தது. அக்கா மகள். கவுண்டரில் வைத்தே பேசினார், ஒலிபெருக்கியில்.

“சித்தி, உள்ள போயிட்டீங்களா?”

“இல்லடி. திரும்பி வர்ற தேதி கேக்கறாங்க. சொன்னாத்தான் விடுவாங்களாம்.”

 அந்தப் பக்கம் ஏதோ உரசும் ஒலி, யாரோ யாரிடமோ போனைக் கொடுப்பதுபோல. அதன்பின் இன்னொரு குரல். பாதி மூச்சு, பாதி பேச்சு. ஆனால் அதட்டல் மட்டும் முழுசாக இருந்தது.

“பாஸ்போர்ட்ட புதுப்பிக்கலையாடி?”

“இல்லக்கா.”

“சொல்லலேன்னா செய்யமாட்டியா?” இருமல். “ஆறாம் தேதி போடச் சொல்லு. போதும். அதுக்கு மேல உனக்கு லீவு தரமாட்டாங்க.”

ஆறாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

“அக்கா…”

“ஆறாம் தேதி. எழுதிக்கச் சொல்லு அந்தப் புள்ளைய.”

எழுதிக்கொண்டேன். விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன. இரண்டு தடவை அழித்து அடித்தேன். டிக்கெட் பதிவானது. திரை பச்சை ஆனது. நிமிர்ந்தபோது மணி பத்து முப்பத்துநான்கு. பயணிகள் பட்டியல் மூடியிருந்தது.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒரு நிமிஷம்’. எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் என்பார். அன்று ஓடிப்போய்க் கேட்டேன். “நாலு நிமிஷம் ஆயிடுச்சேப்பா,” என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அவரைக் கெட்டவர் ஆக்க எனக்கு மனமில்லை, நானே போதும்.

மறுநாள் இதே விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆறாம் தேதி டிக்கெட்டையும் அச்சடித்துக் கையில் தந்தேன். போகாத ஊரிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை மடித்து, இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, “உங்க மேல தப்பில்ல தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6

முடிவுகள்.

அ) மறுநாள் போனார். அக்காவின் பக்கத்தில் எட்டு நாள் இருந்தார். ஆறாம் தேதி அதிகாலையில், சொன்ன சொல் தவறாமல், அக்கா— (வேண்டாம். ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது. மனிதர்கள் அப்படிப் போவதில்லை.)

ஆ) அக்கா பிழைத்து, நோட்டுப் புத்தகத்தைத் தேடினாள்— (எனக்கு இதுதான் ஆசை. ஆசையை முடிவு என்று விற்கக் கூடாது.)

இ) அன்று மாலையே அக்கா— (இதை எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றேன்.)

7

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. முந்தைய மூன்று வரைவிலும், இதில் இதுவரையிலும், நான் உண்மையில் மறைத்தது இதைத்தான், கேள்வியை அல்ல.

மறுநாள் எனக்கு அதே கவுண்டர், அதே வேலைநேரம். நான் மதிய ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அந்த அம்மா முகத்தில் விழிக்க எனக்குப் பயம். மதியம் போனபோது பக்கத்துக் கவுண்டர்க்காரி சொன்னாள்.

“நேத்து வந்தாங்களே, நீல ஸ்வெட்டர். காலைல வந்தாங்க. அந்தத் தம்பி இல்லையான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். சரின்னு தலையாட்டிட்டு நின்னாங்க. எனக்கு வரிசை, நான் அப்புறம் பாக்கல.”

பெட்டியோடு வந்தாரா, வெறுங்கையோடு வந்தாரா என்று நான் கேட்கவில்லை. டிக்கெட்டைப் பயன்படுத்தினாரா, ரத்துசெய்ய வந்தாரா என்று என் திரையில் ஒரு எண்ணை அடித்தால் தெரிந்திருக்கும். அதன்பின் நான்கு வருடம் அந்தத் திரைமுன் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை.

வாசகரே, இதுவரை பொறுமையாக வந்துவிட்டீர்கள். உங்கள் பின்னால் வரிசை இல்லை, மூடுகிற நேரமும் இல்லை. இந்தக் கதைக்குக் கடைசியாக ஒன்றுதான் குறைகிறது. அக்கா எதுவரை இருந்தாள்? என் வாயால் சொல்ல முடியவில்லை.

ஏதாவது ஒரு தேதி போடுங்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.