கையில்லாத பச்சைக் கோட்டு

பொம்மைக்கு மாட்டிய கோட்டை ஜன்னல் பக்கம் திருப்பியதும் ஒயுனா ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள். உடல் பகுதி அடர்காட்டுப் பச்சை. கைகள் இரண்டும் வெயிலில் காய்ந்த பாசியின் நிறம். ஒரே சுருளிலிருந்து வாங்கிய வெல்வெட்!

"வெயில் படறதால அப்படித் தெரியுதோ?" என்றாள்.

தையல் பள்ளியில் அவளோடு படிக்கும் தத்சுரோ, கோட்டின் கையை மேலிருந்து கீழே தடவினான். வழவழவென்று போனது. உடல் பகுதியைத் தடவினான். சொரசொரத்தது.

"வெல்வெட்டோட ரோமம் கீழ் பார்க்கற மாதிரி வெட்டினீங்களா?"

"பின்னே? தடவினா வழுக்கிட்டுப் போக வேணாமா? எங்கம்மா அப்படித்தான் வெட்டுவாங்க. நீ?"

"மேல் பார்த்து. அப்பதானே நிறம் ஆழமா நிக்கும்? இங்கே ஜப்பான்ல எல்லாரும் அப்படித்தான். இதை யாராவது தனியா சொல்லுவாங்களா?"

"சொல்லணும்டா! நான் மங்கோலியாவுல பொறந்தவ. உன் மனசுக்குள்ள ஓடறது எனக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பில் ஒரே மேசைதான் கிடைத்தது என்பதால் அவன் உடல் பகுதியைப் பள்ளியிலும், அவள் கைகளைத் தன் அறையிலும் வெட்டியிருந்தார்கள். நாளைக் காலை ஆசிரியர்கள் பார்க்க வருவார்கள். தேறும் உடுப்புகள்தான் நவம்பர் விழாவில் மேடையேறும். போன வருடம் ஒயுனாவின் உடுப்பு தேறவில்லை. இந்த முறை உலான்பாத்தரிலிருந்து அம்மா தையல்கடையைப் பூட்டிவிட்டு வருகிறாள். விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. மகள் டோக்கியோவில் என்னதான் கற்றாள் என்று அந்த மேடையில்தான் பார்க்கப்போகிறாள்.

தத்சுரோ வெல்வெட் வாங்கிய நிப்போரி வட்டாரத் துணிக்கடைக்குப் போன் செய்தான். "சுருளோட கடைசித் துணியே நாம வாங்கினதுதானாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கோபம் வந்தால் அவன் பேசமாட்டான். தின்ன ஏதாவது வாங்கி வருவான். திரும்பி வந்து சோற்று உருண்டை ஒன்றை அவள் பக்கம் தள்ளினான். "புளிப்புப் பழம் வெச்சது உங்களுக்குப் பிடிக்காது. இதுல சூரை மீன்."

அவள் அதைத் தொடவில்லை. ஆத்திரத்தோடு ஒரு கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

கை கழன்று விழுந்தது. ஒரு பக்கம் கையில்லாமல் நின்ற கோட்டை ஒயுனா உற்றுப் பார்த்தாள். பிறகு, இந்த முறை நிதானமாக, மற்ற கையையும் பிரித்தாள்.

"எங்க ஊர்ல இப்படி ஒரு உடுப்பு உண்டு. உள்ளே நீளக்கை அங்கி. அதுக்கு மேல கையில்லாம, கணுக்கால் வரைக்கும்."

தத்சுரோ பொம்மையை ஒருமுறை சுற்றி வந்தான். "அப்படின்னா கை வளைவை இன்னும் உள்ளே வெட்டணும். தோள் தொங்குது, நிமிர்த்தணும்."

"வெட்டு. திசையை மட்டும் கேட்டுட்டு வெட்டு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் குமகாய் டீச்சர் கோட்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "வரைஞ்சு காட்டினதுல கை இருந்துச்சே?"

"துணி எந்தப் பக்கம் பார்க்கணும்னு நான் கேட்கலை டீச்சர். தப்பு என்னோடது" என்றான் தத்சுரோ.

"இல்லை டீச்சர், நானும் கேட்கலை."

"யார் தப்புன்னு அப்புறமா வெளியே போய்ச் சண்டை போட்டுக்கோங்க" என்ற டீச்சர் தோளை விரலால் அழுத்திப் பார்த்தாள். "தோள் நல்லா நிக்குது. உள்ளே போடற அங்கியையும் தெச்சுக் கொண்டு வாங்க. அது இல்லாம மேடைப் பக்கம் வராதீங்க."

நடைகூடத்துக்கு ஓடிவந்த ஒயுனா அம்மாவை வீடியோவில் அழைத்துக் கோட்டைக் காட்டினாள். அம்மா முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடம் வெடித்துச் சிரித்தாள்.

"அடியே, இது கல்யாணமானவ போடறதுடி! மாப்பிள்ளை யாரு? பின்னாடி நிக்கற அந்த ஒல்லிக்குச்சியா?"

ஒயுனாவுக்கு அது தெரியாததல்ல. அவசரத்தில் சொல்லத் தோன்றவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தாள். மங்கோலிய மொழி புரியாத தத்சுரோ போனைப் பார்த்துக் குனிந்து வணங்கினான்.

"அம்மா ஏன் சிரிக்கறாங்க? தையல் கோணலா?"

தையல் நேராக இருக்கிறதாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டதால் நேற்று பட்ட பாடு போதும் என்று தோன்றியது.

"கல்யாணமானவங்கதான் இதைப் போடுவாங்க. மாப்பிள்ளை நீயான்னு கேக்கறாங்க."

அவன் காது இரண்டும் சிவந்தன. தரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

"நவம்பர்ல அம்மா வரும்போது… ஒரு நாள் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்றீங்களா?"

"என்னடி சொல்றான்?" என்றாள் அம்மா போனிலிருந்து.

"சாப்பிடக் கூப்பிடறான்மா. அவங்க வீட்டுக்கு."

"ஆட்டுக்கறி உண்டான்னு கேளு!"

ஒயுனா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். தத்சுரோ அந்த இடத்திலேயே நின்று, தன் அம்மாவுக்குப் போன் போட்டான்.