கர்த்தர் சொன்னதாக அவர் சொன்னது

ஆஸ்பத்திரி ஆலோசகர் தன்னை உள்ளே கூப்பிடுகிறார் என்றதும் போதகருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. எங்கே போனாலும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் காரியம் நகராது. வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

ஆலோசகர் அம்மா கதவைச் சாத்தினார். உறுப்பு தானம் செய்ய வருகிறவர்களிடம் தனியாகப் பேசி, மனசோடுதான் வந்தார்களா என்று பார்ப்பது அவர் வேலை. எதிரே உட்கார்ந்திருந்தவள் சபையில் கீபோர்டு வாசிக்கிறவனின் தங்கை, பஸ் ஓட்டுகிறவள். அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. மாடி வார்டில் கிடந்தான். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அவளுடையது ஆகாது. மிச்சம் இவள்தான்.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டேன்," என்றார் ஆலோசகர். "ஐயாகிட்ட கேட்டுக்கோங்கன்னு சொல்றாங்க. இவங்க கிட்னியை இவங்க குடுக்கறதுக்கு உங்களை எதுக்குக் கேக்கணும்? கேட்டா, கர்த்தர் உங்ககிட்ட சொல்லிட்டாராம். நிஜமா?"

அவர் அப்படிச் சொன்னது நிஜம்தான். போன ஞாயிறு ஆராதனையில் இவளை முன்னால் அழைத்துத் தலைமேல் கைவைத்து, "மகளே, உன் அண்ணனுக்கு நீ ஜீவன் கொடுப்பாய் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். சபையே ஆமென் போட்டது. அங்கே அதுதான் வழக்கம். வீடு மாறலாமா, வேலையை விடலாமா, இந்த மாப்பிள்ளை சரிப்படுவானா, எல்லாவற்றுக்கும் அவர் கை தலையில் விழவேண்டும். விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆரம்பத்தில் "எனக்குத் தோணுது" என்றுதான் சொல்லிவந்தார். அது ஜனங்களுக்குப் பத்தவில்லை. அவருக்கும் பத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போது அது "கர்த்தர் சொல்லுகிறார்" ஆனது என்று அவருக்கே ஞாபகமில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. அம்மாக்காரி வந்து, "அவ தயங்குறா ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

இப்போது ஆலோசகரிடம் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். அவர் ஜெபிக்கப்போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, பஸ்ஸுக்காரி பையை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அவர் கைக்கு வாகாக, பழக்கதோஷத்தில் குனிந்தாள். அத்தனை பெரிய வண்டியை நெரிசலில் திருப்புகிறவள், சொந்த உடம்பைப் பற்றிக் கேட்டால் தலையை நீட்டுகிறாள். போதகர் கையை நீட்டவில்லை.

"நீ என்னம்மா நினைக்கிற?"

"கர்த்தர் சொன்னதுக்கு மேல நான் என்ன நினைக்கிறது, ஐயா?"

மேலே கிடப்பவன் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. இங்கே ஒரு "ஆமா" சொன்னால் பிழைத்துக்கொள்வான். எதற்கெல்லாமோ வாரியிறைத்த வார்த்தைதான் அது.

"கர்த்தர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா," என்றார். "உங்க அம்மா வந்து அழுதாங்க. அவன் பிழைக்கணும்னு எனக்கும் ஆசை. அந்த ஆசையை அவர் பேர்ல சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். கோபமா நிம்மதியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அப்ப, குடுக்கலேன்னா கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"அதுக்கும் நான் பதில் சொன்னா, பழையபடி ஆயிடும். உன் உடம்பு. இதுல முடிவு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது."

அவள் ஆலோசகரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குங்க. முதல்லேர்ந்தே பயம்தான். என்னால முடியாது."

ஆலோசகர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "இவங்க கிட்னியை எடுத்துக்க முடியாதுன்னு மட்டும் டாக்டர் சொல்லுவார், காரணம் சொல்ல மாட்டார். இங்க பேசினது இந்த அறையோட இருக்கணும்," என்றவர், போதகர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

டாக்டர் வார்டுக்கு வந்து அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாக்காரி டாக்டரைச் சட்டை செய்யவே இல்லை.

"எடுத்துக்க முடியாதா? கர்த்தரே சொன்னப்புறம் இவர் யாரு?" என்றாள். பிறகு அவள் பார்வை மெல்லத் திரும்பி, வாசலோரம் நின்ற மகள்மேல் போய் நின்றது. "ஏண்டி, உள்ள போய் நீ என்ன சொன்ன?"

மகளின் முகம் வெளிறிப்போயிற்று.

போதகரிடம் இதற்கும் ஒரு வாக்கியம் கைவசம் இருந்தது. கர்த்தர் சொன்னார், இவள்தான் கீழ்ப்படியவில்லை. சொன்னது பலிக்காமல் போனபோதெல்லாம் அவரைக் காப்பாற்றிய வாக்கியம் அது; எந்தப் பூட்டுக்கும் சேரும் சாவி. இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் பேர் பிழைக்கும். இவள் ஆயுசுக்கும் அண்ணனைக் கொன்றவள் ஆகிவிடுவாள்.

"அவளைக் கேக்காதீங்கம்மா," என்றார். "கர்த்தர் அப்படிச் சொல்லவே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"என்ன ஐயா உளர்றீங்க?"

"நிஜமாத்தான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை சபை முன்னாடியும் சொல்லப்போறேன்."

"அப்ப இத்தனை வருஷமா எங்களுக்குச் சொன்னதெல்லாம்?"

அவருக்கு வெட்கத்தில் காது மடல்கள் சுட்டன. அம்மாக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். மகள் ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பின்னால் ஓடினாள்.

அவரும் நழுவிவிடலாம் என்று பார்த்தார். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. கீபோர்டுக்காரன் கண்ணை மூடித்தான் கிடந்தான், தூங்கவில்லை.

"நான் பிழைப்பேன்னு சொன்னீங்களே, ஐயா. அது யார் சொன்னது?"

போதகரின் கை தன்னால் எழுந்து அவன் நெற்றிப் பக்கம் போயிற்று. பாதியில் அதை இறக்கி, ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போயிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தாண்டா சொன்னேன்," என்றார். "எனக்குத் தெரியாது."